புயலும் அண்டை வீடும்



ஆண்டு மலர் என்றால் அதில் இலக்கியக் கட்டுரைகளும் கவிதைகளும் இடம்பெறுவதே மரபு. பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் எழுத்தராக அமர்ந்து, சரக்குக் கணக்கும் வண்டிக் கணக்கும் எழுதிக் காலங்கழிக்கும் எளியேன் அத்துறையில் புகத் துணியவில்லை. ஆயினும் பிழைப்பை நாடி இவ்விசாகப்பட்டினக் கரையில் வந்து குடியேறிய நாம் அறிந்திருக்க வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. அது அரசர்களின் வரலாறு அன்று. இக்கடல் அவ்வப்போது எழுப்பிவிடும் புயல்களின் வரலாறு. அவ்வரலாற்றைப் படிக்கப் படிக்க ஓர் உண்மை எனக்குத் தெளிவாகப் புலப்பட்டது. புயலை முன்கூட்டி அறிய அறிவியல் வேண்டும். அறிந்ததை அறிவிக்க அரசாங்கம் வேண்டும். ஆனால் புயலடிக்கும் அந்தச் சில மணி நேரமும், அது ஓய்ந்த பின் முதல் ஓரிரு நாளும், மனிதனுக்குத் துணையாக நிற்பவன் அண்டை வீட்டுக்காரன் ஒருவனே. இதனை நிலைநாட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் இயல்பும்

நம் முன்னோர் காற்றைத் திசை வகையால் பிரித்துத் தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும் வழங்கினர். புயல் என்னும் சொல் பழந்தமிழில் மேகத்தையே பெரிதும் குறித்தது. இன்று நாம் வழங்கும் பொருள் பின்னர் வேரூன்றியதாகும். எல்லாத் திசைக் காற்றும் ஒன்றாய்ச் சுழன்றடிக்கும் கொடுங்காற்றைச் சூறாவளி என்கிறோம். இதனையே அமெரிக்கக் கரையில் ஹரிகேன் என்றும், சீனக் கடலில் டைபூன் என்றும் கூறுவர். நாட்டுக்கு நாடு பெயர் வேறுபடினும் பொருள் ஒன்றே.

இக்காற்றுக்குச் சைக்ளோன் என்று பெயர் சூட்டியவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்னும் ஆங்கிலேயர். கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி, எந்தக் கப்பலுக்கு எந்த நேரத்தில் எத்திசையிலிருந்து காற்று அடித்தது என்று ஆராய்ந்தவர் அவர். காற்று நேர்கோட்டில் ஓடுவதில்லை, ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்கிறது என்பதை உணர்ந்து, பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1848-இல் இப்பெயரை வழக்கிற்குக் கொண்டுவந்தார். நமக்கு அருகில் உள்ள கோரிங்கா என்னும் பழைய துறைமுகத்தை 1789-இல் விழுங்கிய கடற்பெருக்கும் அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்றாகும். அதே கோரிங்கா 1839-இல் மீண்டும் அழிந்தது. கோதாவரியின் முகத்துவாரத்தில் கப்பல் கட்டும் தொழிலுக்குப் பேர்போன அவ்வூர் அதன்பின் தன் பழைய நிலையை எய்தவேயில்லை.

வங்கக் கடலில் எழும் புயலில் காற்றைக் காட்டிலும் கொடியது நீரே. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். அதனுடன், சுழன்றடிக்கும் காற்று ஆழமற்ற கரைக்கடலின் நீரை வாரி நிலத்தின்மேல் தள்ளும்போது, கடலே எழுந்து ஊருக்குள் நடந்து வருவது போலாகிறது. நம் கரையில் புயல் கடக்கும் இடத்திற்கு வடபாலுள்ள ஊர்களையே இவ்வெள்ளம் பெரிதும் தாக்கும். அப்பக்கத்தில்தான் காற்று கடலிலிருந்து நிலம் நோக்கி வீசுகிறது. நம் தெலுங்கு நண்பர்கள் இதனை உப்பெனா என்ற ஒரே சொல்லால் சுட்டுவர். அச்சொல்லைக் கேட்டதும் இங்குள்ள முதியோர் முகத்தில் தோன்றும் மாற்றத்தை நம்மில் பலரும் கண்டிருப்போம்.

எச்சரிக்கை பிறந்த கதை

1864-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் கல்கத்தாவைத் தாக்கிய புயலில், ஹுக்ளி ஆற்றின் வழியே ஏறிவந்த கடல்வெள்ளத்தால் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டனர். துறைமுகத்தில் நங்கூரமிட்டு நின்ற கப்பல்களுள் பெரும்பாலானவை சேதமுற்றன. ஒரு மாதம் கழிவதற்குள், நவம்பர் 1-ஆம் நாள், மசூலிப்பட்டினத்தை மற்றொரு புயல் தாக்கி ஏறத்தாழ 30,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அக்காலத்தில் தந்திக் கம்பி இருந்தது. ஆனால் கடலில் புயல் உருவாகிறது என்று கண்டறிந்து தந்தி கொடுக்கக்கூடிய அமைப்பு எதுவும் இருக்கவில்லை.

இப்பேரழிவுகளுக்குப் பிறகே 1865-இல் கல்கத்தா துறைமுகத்திற்குப் புயல் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. 1864-ஆம் ஆண்டுப் புயலைப் பற்றி அறிக்கை எழுதியவர்களுள் ஒருவரான ஹென்றி பிளான்போர்டு என்பவரைத் தலைவராகக் கொண்டு 1875-இல் இந்திய வானிலைத் துறை தொடங்கப்பெற்றது. இன்று நம் கரையெங்கும் துறைமுகங்களில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் குறிகள் 11. முதற்குறி தொலைவில் காற்றழுத்தம் தாழ்ந்திருப்பதைக் காட்டும். பத்தாம் குறி பேரபாயத்தைக் காட்டும். பதினோராம் குறிக்குப் பொருள் யாதெனின், புயல் எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அற்றுப்போயிற்று என்பதேயாகும். அதாவது, இனி மேலிடத்திலிருந்து செய்தி வாராது. உள்ளவர்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்க என்று பொருள். அன்பர்கள் இப்பதினோராம் குறியை நினைவில் வைக்க வேண்டுகிறேன். பின்னர் இதனைப் பற்றிப் பேசுவோம்.

கேளாத சொல்லும் வீணான இருப்புப் பாதையும்

எச்சரிக்கை இருந்தால் மட்டும் போதாது, அதனைக் கேட்பார் வேண்டும் என்பதற்கு எங்கள் இரயில்வே வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. ஹுக்ளி ஆறு மண்மேடிட்டு வருகிறது என்று அஞ்சிய கல்கத்தா வணிகர்கள், சுந்தரவனத்தில் மாத்லா ஆற்றங்கரையில் போர்ட் கானிங் என்னும் புதுத் துறைமுகத்தை அமைக்க முற்பட்டனர். மேற்கூறிய பிடிங்டன், அவ்விடம் புயல்வெள்ளத்திற்கு நேர் எதிரே உள்ளது, அங்கு ஊர் அமைத்தால் ஒருநாள் கடல் புகுந்து அழிக்கும் என்று 1853-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பிரபுவுக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். அதனைப் பொருட்படுத்தினார் இல்லை. துறைமுகம் எழுந்தது. கல்கத்தாவிலிருந்து 1863-இல் இருப்புப் பாதையும் சென்று சேர்ந்தது. பிடிங்டன் 1858-இலேயே காலமாகிவிட்டார். 1867-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வந்த புயல் அவர் சொல்லை மெய்ப்பித்தது. சில ஆண்டுகளுக்குள் துறைமுகம் கைவிடப்பட்டது. இருப்புப் பாதையை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. இன்று அப்பாதையில் ஓடும் வண்டிகளில் கல்கத்தாவுக்கு வீட்டு வேலைக்கும் சந்தைக்கும் செல்லும் ஏழை மக்களே நிறைந்திருப்பர்.

1876-ஆம் ஆண்டு, அக்டோபர் முடிந்து நவம்பர் பிறக்கும் இரவில், மேக்னா முகத்துவாரத்திலுள்ள பாக்கர்கஞ்சுப் பகுதியைக் கடல் மூடியது. வெள்ளத்தில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் மாண்டனர். அதன்பின் வந்த வாந்திபேதியாலும் பசியாலும் அதற்கு நிகரான தொகையினர் மடிந்தனர். தப்பியவர்களுள் பலர் தத்தம் வீட்டைச் சூழ வளர்த்திருந்த தென்னை, பனை முதலிய மரங்களில் ஏறித் தப்பியவர்களே. புயல் ஓய்ந்ததும் ஆபத்து ஓய்ந்துவிட்டது என்று கருதுவோர் இவ்விரண்டாவது தொகையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தனுஷ்கோடியும் திவிசீமையும்

நம் தமிழகத்தார் மறக்கவொண்ணாதது 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு. பாம்பனிலிருந்து புறப்பட்ட 653-ஆம் எண் பாசஞ்சர் வண்டி தனுஷ்கோடியை அடையுமுன்னரே கடல் எழுந்து அதனை மூடிற்று. பயணிகளும் ஊழியர்களுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் ஒருவர் எஞ்சாமல் மாண்டனர். ஊரும் அழிந்தது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் பின்னர் அதனை அறிவித்தது. பாம்பன் பாலத்தின் உத்தரங்கள் பல கடலில் வீழ்ந்தன. கப்பல் செல்லத் திறந்துகொடுக்கும் நடுக்கண் மட்டும் நின்றது. இளம் பொறியாளராக இருந்த ஸ்ரீதரன் அவர்கள் தலைமையில், கடலில் விழுந்த உத்தரங்களை மீட்டெடுத்து 46 நாட்களில் பாலம் செப்பனிடப்பட்டது. பாலம் மீண்டது; தனுஷ்கோடி மீளவில்லை. இரயில்வேயில் வேலை செய்யும் எவரும், அவ்வண்டியில் பணியிலிருந்தபடியே உயிர் நீத்த அத்தோழர்களை எண்ணாமல் இருக்க இயலாது.

1977-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள் கிருஷ்ணா மாவட்டத்துத் திவிசீமையில் நிகழ்ந்ததை இங்கு விவரிக்க வேண்டுவதில்லை. திவிசீமை உப்பெனா என்ற பெயரால் அது இந்நாட்டு மக்கள் உள்ளத்தில் பதிந்துள்ளது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஓரிரவில் மறைந்தனர். அதன் பிறகுதான் ஆந்திரக் கரையோரம் புயல் புகலிடங்கள் பல எழுந்தன. மக்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தும் வழக்கமும் வலுப்பெற்றது. அதன் பயன் 1990-இல் தெரிந்தது. அவ்வாண்டு மே மாதம் அதே கரையைக் கடும் புயல் தாக்கியபோது உயிர்ச்சேதம் ஆயிரத்தை எட்டவில்லை. ஆயிரம் என்பதும் சிறு தொகையன்று. எனினும் பத்தாயிரத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

வாசலுக்கு வந்த செய்தி

நம் வடக்கெல்லைக்கு அப்பாலுள்ள ஒடிசாவின் கதை இன்னும் தெளிவான பாடமாகும். 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள், மணிக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய பெரும்புயல் பாராதீப் அருகே கரையைக் கடந்தது. ஜகத்சிங்பூர் மாவட்டத்து எரசமா வட்டாரத்தில் ஊர் ஊராக மக்கள் அழிந்தனர். மாண்டோர் தொகை ஏறத்தாழ 10,000. வானிலைத் துறை எச்சரிக்கை விடுக்காமல் இல்லை. ஆனால் அது கரையோரக் குடிசையின் வாசல்வரை சென்று, "எழுந்து வாருங்கள், இன்ன இடத்துக்குப் போவோம்" என்று கையைப் பிடித்து அழைக்கவில்லை. அழைத்திருந்தாலும் போய்ச் சேர்வதற்குப் போதிய புகலிடங்கள் இல்லை.

அவ்வாண்டிலேயே அம்மாநிலம் பேரிடர் மேலாண்மைக்கென ஓர் ஆணையத்தை நிறுவிற்று. கரையோரம் தூண்களின்மேல் உயர்ந்து நிற்கும் புகலிடங்கள் கட்டப்பட்டன. 2019-க்குள் அவை எண்ணூறுக்கு மேற்பட்டன. கட்டடம் மட்டுமன்று, ஒவ்வொரு புகலிடத்திற்கும் அவ்வூராரைக் கொண்ட குழு ஒன்றும் அமைந்தது. எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறார், எங்கு நிறைமாதக் கர்ப்பிணி இருக்கிறாள், எவருக்கு ஆடு மாடுகளை விட்டுவர மனம் இராது என்பதெல்லாம் வேற்றூரிலிருந்து வரும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியும்.

2013 அக்டோபர் 12-ஆம் நாள் பைலின் புயல் கோபால்பூர் அருகே கடந்தபோது ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் முன்னரே அப்புறப்படுத்தப்பட்டிருந்தனர். ஒடிசாவில் உயிர்ச்சேதம் ஐம்பதை எட்டவில்லை. 2019 மே 3-ஆம் நாள் பானி புயல் பூரியருகே கடந்தபோது பன்னிரண்டு இலட்சம் பேர் இடம் பெயர்க்கப்பட்டனர்; நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட தொண்டர்கள் உழைத்தனர்; முந்தின நாள் பூரியிலிருந்து யாத்திரிகர்களை வெளியேற்ற எங்கள் இரயில்வே தனி வண்டிகளை விட்டது. அப்புயலில் அம்மாநிலத்தில் மாண்டோர் 64 பேர். பத்தாயிரம் எங்கே, அறுபத்து நான்கு எங்கே! கடல் மாறவில்லை, காற்று மாறவில்லை. செய்தி வாசலைத் தட்டியதும், அச்செய்தியைக் கொண்டுவந்தவர் முகமறிந்த அயலாராக இருந்ததுமே பெரிய மாற்றம்.

புயலின் கண்

புயலின் நடுவில் கண் என்று ஒன்று உண்டு. அஃது ஓர் ஊரின் மேலாகச் செல்லுங்கால் காற்று திடீரென அடங்கிவிடும். சில வேளை வானமும் வெளுக்கும். அறியாதோர் புயல் போயிற்று என்று எண்ணி, வீடு வாசல் பார்க்கவும், கன்றுகாலிகளைத் தேடவும் வெளியே இறங்குவர். சிறிது நேரத்தில், முன்னர் அடித்த திசைக்கு நேர் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று மீண்டும் மோதும். ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்ற மரமும் சுவரும் அப்போதுதான் மறுபக்கம் வீழும். முதற்பகுதிக்குத் தப்பியவர்களுள் பலர் இரண்டாம் பகுதிக்கு இரையாவது இதனாலேயே. கண் கடக்கும் நேரத்தில் "வெளியே போகாதே" என்று தடுக்க விவரமறிந்த ஒருவர் அருகில் இருந்தால் அதுவே பேருதவி.

இதனை நம் நகரத்தார் கண்கூடாகக் கண்டது 2014 அக்டோபர் 12-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமையன்று. ஹுத்ஹுத் என்னும் அப்புயலுக்குப் பெயரளித்த நாடு ஓமன். அது ஒரு பறவையின் பெயர். தமிழில் அப்பறவையைக் கொண்டலாத்தி என்போம். பறவையின் பெயரோ அழகியது. அது செய்த வேலையோ நாமறிவோம். மணிக்கு 180 கிலோமீட்டர் அளவில் வீசிய காற்றுடன் அதன் கண் நம் நகரத்தின்மேலேயே கடந்தது. வானிலைத் துறையின் ரேடார் சேதமுற்றது. விமான நிலையத்தின் கூரை பிய்ந்தது. மலைகளிலும் சாலைகளிலும் நின்ற மரங்கள் எண்ணிறந்தன வீழ்ந்தன.

அன்று நான் குடியிருந்தது நான்கு போர்ஷன்கள் கொண்ட ஒரு வீட்டில். பின்புறம் தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையுமாகச் சில சிறு வீடுகள் இருந்தன. எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற தெலுங்கு ஆசிரியர் ஒருவர் வாழ்ந்தார். தெருவார் யாவரும் அவரை மாஸ்டாரு என்றே அழைப்போம். அவருடையது பழைய காலத்துக் கெட்டியான கான்கிரீட் வீடு. முந்தின நாள் மாலையே அவர் ஒவ்வொரு வீடாக வந்து, இரவு தம் வீட்டுக் கூடத்தில் படுக்க வருமாறு சொல்லிப் போனார். ஒன்பது குடும்பத்தார் அங்கே கூடினோம். தெலுங்கரும் ஒடியரும் தமிழருமாக முப்பத்தொரு தலைகள். அவ்வம்மையார் பெரிய பானைகளில் குடிநீரை நிரப்பி வைத்து, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்த அரிசியையும் பருப்பையும் ஒன்றாகச் சேர்த்துப் பொங்கினார்.

முற்பகல் முழுவதும் வடக்குப் பக்கமிருந்து காற்று மோதியது. நண்பகலளவில் அடங்கிற்று. இளைஞர் இருவர் கதவைத் திறக்க முற்பட்டனர். "மாஸ்டாரு, காற்று நின்றுவிட்டதே, வீட்டைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம்" என்றனர். அவர் கதவின் குறுக்கே நாற்காலியைப் போட்டு அமர்ந்துகொண்டு, "இது பாதிதான், பிள்ளைகளே; மீதி வரும்" என்றார். அவர் திவிசீமையை இளவயதில் கண்டவர். பிற்பகலில் தெற்குப் பக்கமிருந்து மீதியும் வந்தது. அவ்விளைஞர் செல்லவிருந்த சந்தின் மதிற்சுவர் அப்போதுதான் இடிந்து வீழ்ந்தது.

புயலுக்குப் பின்

மறுநாள் விடியலில் நாங்கள் செய்த முதல் வேலை தலை எண்ணிக்கை. கூடத்தில் இருந்தவர் கணக்குச் சரியாக இருந்தது. ஆனால் பின்சந்தில், மகனிடம் போய்விடுவதாகச் சொல்லிய வயது முதிர்ந்த தம்பதியர் உண்மையில் போனார்களா என்று ஒரு பெண்மணி ஐயம் எழுப்பினார். போய்ப் பார்த்தோம். வேப்பமரம் ஒன்று சாய்ந்து கதவை அடைத்திருந்தது. உள்ளே இருவரும் கட்டிலின் அடியில் ஈரத்தில் கிடந்தனர். நான்கு வீட்டு ஆண்கள் கைவாள் கொண்டு கிளையறுத்து அவர்களை வெளிக்கொணர்ந்தோம். மீட்புப் படையினர் நகரெங்கும் அரும்பாடுபட்டனர் என்பதில் ஐயமில்லை. எனினும் அக்கிழவர் மகன் வீட்டுக்குப் போகவில்லை என்பது எந்தப் படைக்கும் தெரிந்திருக்க வழியில்லை. அந்த ஐயம் அயல்வீட்டுப் பெண்ணின் உள்ளத்திலேதான் எழ முடியும்.

அதன்பின் வீடு வீடாகச் சேதம் பார்த்தோம். அறுந்து கிடந்த மின்கம்பியைத் தொடாதிருக்கச் சிறுவர்களைக் காவல் நிறுத்தினோம். ஈரமேறிய சுவர்களைத் தட்டிப் பார்த்தோம். பாதி பெயர்ந்து தொங்கிய தகரங்களை இறக்கினோம். ஒரு வீட்டு அடுப்படியில் நாகம் ஒன்று புகுந்திருந்தது. மின்சாரம் இல்லாமையால் மாடித் தொட்டிகள் வறண்டன. மோட்டார் இருந்தவர் வீட்டிலும் நீரில்லை. தெருமுனையில் எவரும் திரும்பிப் பாராதிருந்த பழைய கைப்பம்பு ஒன்றே முழுத் தெருவுக்கும் நீர் தந்தது. குழந்தையுள்ள வீடுகளுக்கு முதல் குடம், முதியோருக்கு அடுத்தது என்று மாஸ்டாரு முறை வகுத்தார். நீரைக் காய்ச்சாமல் எவரும் பருகலாகாது என்று வீட்டுக்கு வீடு சொல்லப்பட்டது. பாக்கர்கஞ்சின் இரண்டாவது தொகையை நான் படித்தறிந்தது பிற்காலத்தில்தான். ஆனால் அதன் பாடத்தை அம்முதியவர் அன்றே எங்களுக்குக் கற்பித்திருந்தார்.

தொலைபேசி ஊமையாகிவிட்டது. தமிழகத்தில் நம் பெற்றோரும் உடன்பிறந்தோரும் தொலைக்காட்சியில் நகரின் காட்சிகளைக் கண்டு பதறிக்கொண்டிருப்பர் என்று அறிந்தும் ஒரு சொல் அனுப்ப வழியில்லை. மூன்றாம் நாள் எங்கள் தெருவில் லாரி ஓட்டும் தெலுங்கு அன்பர் ஒருவர் துனிப் பக்கம் போக வேண்டியிருந்தது. அவர் ஒரு காகிதத்தில் ஒவ்வொரு குடும்பத்தாரிடமும் அவரவர் ஊர்த் தொலைபேசி எண்ணை எழுதி வாங்கிக்கொண்டார். தொடர்பு கிடைத்த இடத்தில் லாரியை ஓரமாக நிறுத்தி, இருபதுக்கு மேற்பட்ட எண்களையும் ஒவ்வொன்றாக அழைத்தார். தமிழ் அவருக்குத் தெரியாது. "விசாகப்பட்டினம், அந்தரு க்ஷேமம்" என்று மட்டும் சொன்னாராம். திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரில் இருந்த என் அன்னையாருக்குத் தெலுங்கு தெரியாது. க்ஷேமம் என்ற சொல் தெரியும். அது போதுமானதாக இருந்தது. பதினோரு நாள் கழித்து வந்த தீபாவளியன்று எங்கள் வீட்டுப் பலகாரத்தில் முதற்பங்கு எந்த வீட்டுக்குச் சென்றிருக்கும் என்று கூறவும் வேண்டுமோ?

நாம் செய்யத்தக்கன

பதினோராம் குறியைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம் என்றேன். கம்பி அறுந்து, செய்தி நின்று, அரசாங்கத்தின் கை வந்து எட்டும்வரை உள்ள அந்த இடைவெளியில் அண்டை அயலாரே அரசாங்கம். 1864-இலும் அவ்வாறே, 2014-லும் அவ்வாறே. அறிவியல் வளர்ந்து அவ்விடைவெளியைச் சுருக்கியிருக்கிறது, முற்றும் நீக்கவில்லை. இனியும் நீக்கும் என்று கருதி வாளாவிருத்தல் அறிவுடைமையாகாது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது மிகவும் பொருந்துவதாகும். உற்றார் உறவினர் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார்கள். நம்மில் பலர் இன்று அடுக்குமாடி வீடுகளில் கதவை அடைத்து வாழ்கிறோம். எதிர்க் கதவுக்குள் இருப்பவர் பெயரைக் கேட்டால் விழிக்கிறோம். மாதமொரு முறை சங்கத்தில் கூடித் தமிழரைத் தமிழர் கண்டு மகிழ்கிறோம், அது வேண்டுவதே. ஆனால் புயலன்று சங்கக் கட்டடத்திலிருந்து எவரும் நம் வீட்டுக்கு வந்து சேர முடியாது. அன்று வந்து கதவைத் தட்டப் போகிறவர், இருகு பொருகு என்று தெலுங்கர் கூறும் அக்கம் பக்கத்தாரே. அவர்தம் மொழியைக் கற்று, அவர்தம் நன்மை தீமைகளில் கலந்து, அவர்க்கு நாம் முதலில் அயலாராக இருந்தாலன்றி, அவர் நமக்கு அயலாராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தல் முறையன்று.

எனவே சங்கத்தார்க்கு எளியேனின் விண்ணப்பம் இதுவாகும். ஆண்டுதோறும் அக்டோபர் பிறக்குமுன், உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் தெருவில் அல்லது மாடியில் உள்ள பத்து வீட்டாரைக் கண்டு பேசுதல் வேண்டும். எங்கே தனித்து வாழும் முதியவர், எங்கே கைக்குழந்தை, எவர் வீடு கெட்டியானது, எங்கே கைப்பம்பு, எவரிடம் கைவாளும் கயிறும் உள்ளன என்று ஒரு தாளில் குறித்து வைத்தல் வேண்டும். ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் ஊர்த் தொலைபேசி எண்ணைக் கைக்கருவியை நம்பியிராமல் காகிதத்தில் எழுதி அயல்வீட்டில் ஒன்று கொடுத்து வைத்தல் வேண்டும். தமிழரை மட்டும் கொண்ட பட்டியலாக அஃது இருத்தலாகாது. தெருவைக் கொண்ட பட்டியலாக இருத்தல் வேண்டும். இதற்குப் பொருட்செலவு ஏதும் இல்லை.

புயல் காலத்தில் எங்கள் யார்டுகளில் நிற்கும் வண்டிப் பெட்டிகளைக் காற்று உருட்டிவிடாதபடி சங்கிலியால் தண்டவாளத்தோடு பிணைத்து வைப்பது வழக்கம். 2020-இல் ஆம்பன் புயல் வந்தபோது கல்கத்தாவை அடுத்த ஷாலிமாரில் அவ்வாறு பிணைத்தனர். அத்தனை எடையுள்ள பெட்டியே தனித்து நின்றால் உருளும். பிணைத்து வைத்தால் நிற்கும். மனிதர் நிலையும் அதுவே. அடுத்த புயலுக்கு எந்நாட்டார் என்ன பெயர் வைத்திருக்கிறார்களோ, அது வரும்போது நம் தெருவில் எவரும் எண்ணிக்கையில் விடுபடாதிருக்க இன்றே ஆவன செய்வோமாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! ஓங்குக அயலாரோடு நமக்குள்ள நட்பு!